நாலு அகப்பையும் நாற்பத்தெட்டுப் படியும்

'கொஞ்சம்' என்ற சொல்லை அவர் முன்னால் பாவிக்கக் கூடாது என்பதை, அவர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் மத்தியானமே என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?"

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு, தங்கச்சி?"

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சோற்றுக் கோப்பையை நீட்டாமலும் இழுக்காமலும் பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் கையிலிருந்த அகப்பையைப் பார்த்து, என்னைப் பார்த்து, கடைசியில், "ஒரு அகப்பை" என்றாள்.

"அரை போடுங்கோ."

அவருடைய குணம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. வெயில் கடுமை என்று சொன்னால் எவ்வளவு என்பார். பஸ்ஸில் சனம் நிரம்பி வழிந்தது என்று நான் வந்து சொன்னால், நின்றவர்கள் எத்தனை பேர் என்பார். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. "அங்கிள், எனக்குப் பயங்கரப் பசி" என்று சொல்லிவிட்டு, அவர் வாய் திறக்க முன்னமே "ரெண்டு பாண் துண்டு" என்று தானே சேர்த்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

போர்க் காலம். தொண்ணூறுகளின் பிற்பாதி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நாற்பத்தெட்டுப் படி. தெரிந்த ஒருவரின் கடிதத்தோடு அவர் வன்னியிலிருந்து வந்து சேர்ந்தார். தனி ஆள். படிக்கட்டை ஒட்டியிருந்த சின்ன அறையை அவருக்குக் கொடுத்தோம். முப்பத்தொரு வருடம் ஒரு பெரிய குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதியவர் அவர். காலை ஆறு மணிக்கு ஒரு தரம், மாலை ஆறு மணிக்கு ஒரு தரம், தண்ணீர் திறந்துவிடும் துருசின் கல்லில் அடி அளவாகக் கீறிய கோட்டைக் குனிந்து பார்ப்பது, கொப்பியில் எழுதுவது. வெள்ளம் வந்தபோதும் எழுதினார், ஷெல் விழுந்தபோதும் எழுதினார். எழுத முடியாமல் போன நாளில்தான் ஊரை விட்டார்.

கொழும்பில் அவருக்குப் பார்த்து எழுத ஒன்றும் இருக்கவில்லை. முதல் மாதம் கடலை அளக்கலாம் என்று நினைத்து, ஒரு தடியில் அங்குலம் அங்குலமாகக் கோடு கீறிக்கொண்டு றெயில் பாதையைக் கடந்து இறங்கினார். அங்கே நின்ற ஆமிக்காரன் தடியைப் பறித்துத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டான். திரும்பி வந்து அவர் சொன்ன ஒரே குறை, "தடி எவ்வளவு தூரம் போய் விழுந்தது எண்டு பார்க்க விடேல்லை தம்பி" என்பதுதான்.

நான் அவருக்கு நேர் எதிர். என்னிடம் எவர் எதைக் கேட்டாலும் அந்த நாட்களில் ஒரே பதில்தான் இருந்தது: சும்மா. எங்கே போகிறாய், சும்மா. பையில் என்ன, சும்மா. ஏன் கொழும்பில் இருக்கிறாய், சும்மா. சிங்களத்தில் அதற்கு 'நிக்கங்' என்று சொல்வார்கள். எனக்குச் சரளமாக வந்த ஒரே சிங்களச் சொல் அது. பதில் எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாக அடையாள அட்டை கைக்குத் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கம்பனியில் என்னோடு வேலை செய்த தமிழர்கள் எல்லோரும் அப்படித்தான். ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றியில் வாய் நிறையப் பதில் சொல்கிற ஒருவரை என் வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு விளங்கச் சில மாதம் பிடித்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சேலை. மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மனைவியின் நீலச் சேலையைக் கடற்காற்று தூக்கிக்கொண்டு போய் றெயில் பாதையில் விரித்துவிட்டது. அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொரட்டுவைப் பக்கமிருந்து வந்த றெயில் அதன் மேலால் போனது.

"ஐயோ, என்ன பேய்க்காத்து!" என்று தலையில் கை வைத்தாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "பேய்க்காத்து எண்டால் எவ்வளவு?"

அவள் திரும்பி முறைத்தாள். இன்னொருவராக இருந்தால் அந்த முறைப்போடு கீழே இறங்கியிருப்பார். அவர் அங்கேயே நின்று, காற்றுக்கு ஒரு கையை விரித்துப் பிடித்து, விரல்களுக்கிடையில் எதையோ எண்ணுவதுபோல யோசித்தார். "இதுக்கு ஒரு அளவு இருக்கத்தானே வேணும்" என்றார். அவர் முகத்தில் நான் முதன்முதலாகச் சந்தோஷத்தைக் கண்டது அன்றுதான். குளம் இல்லாத ஊரில் அவருக்குக் காற்று கிடைத்துவிட்டது.

அடுத்த கிழமை எங்கள் வீட்டில் அகப்பைகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் சொதி அகப்பை. பிறகு சோற்று அகப்பை. மனைவி சந்தையில் வாங்கி வந்த புதிய இரண்டும் இரண்டு நாளில் போய்விட்டன. நாலாவது போன அன்று அவருடைய அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் ஒரு சிலுவை கிடந்தது. இரண்டு மரச் சட்டங்களைக் குறுக்கே பொருத்தி, நாலு நுனியிலும் எங்கள் அகப்பைச் சிரட்டைகள் நாலு. காம்பை வெட்டிவிட்டு, எல்லாம் ஒரே பக்கம் வாய் பார்க்கும்படி கட்டியிருந்தார். நடுவில் பழைய சைக்கிள் சில்லின் உருளை. உள்ளே குண்டுகள் உருண்டு, விரலால் தட்டினால் வெகுநேரம் சத்தமில்லாமல் சுற்றியது.

"சிரட்டையின்ரை வாய்க்குள்ளை காத்து கூடப் பிடிக்கும், முதுகிலை வழுக்கும்," என்றார். "அதாலை ஒரு பக்கமாச் சுத்தும். காத்து கூடினால் சுத்து கூடும். இனி மிச்சம் கணக்குத்தான். இதிலை ஒரு காந்தம் வைச்சு, ஒரு கம்பியைக் கீழை இழுத்து, பற்றறியோடை ஒரு கல்குலேற்றருக்குக் குடுத்தால், தானே எண்ணும். நான் படுத்துக்கொண்டு பார்க்கலாம்."

நான் அறைக் கதவைச் சாத்தினேன். வெள்ளவத்தையில், தமிழன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு கம்பி, ஒரு பற்றறி.

"அண்ணை, கம்பி கூடாது."

"சரி."

"பற்றறி கூடாது. மணிக்கூடு ஒண்டும் அதிலை கட்டக் கூடாது."

"அப்ப எப்பிடி எண்ணுறது?"

"எண்ணாட்டில் என்ன?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை, சாப்பிடாவிட்டால் என்ன என்று கேட்டவனைப் பார்க்கும் பார்வை என்றுதான் சொல்ல முடியும். கடைசியில் என் மகள்தான் வழி சொன்னாள். தன் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்து ஒரு சிரட்டை முழுக்கப் பூசிவிட்டாள். "சிவப்பு எத்தனை தரம் வருது எண்டு பார்த்து எண்ணுங்கோ, அங்கிள்." அவருக்கு அது பிடித்துவிட்டது. அரை நிமிடத்துக்குச் சிவப்பு எத்தனை தரம் என்பதுதான் அதன் பிறகு எங்கள் வீட்டுக் காற்று.

மொட்டை மாடியில் அதை ஏற்றிய நாளிலிருந்து எனக்கு வீடு வீடாக இருக்கவில்லை. றெயில் பாதையோரச் சென்றியில் நிற்பவன் தலையைத் தூக்கினால் அது தெரியும். மறைப்பதற்காக முன்னால் ஒரு படுக்கை விரிப்பைக் காயப்போடச் சொன்னேன். "துணி முன்னுக்கு நிண்டால் காத்து பிழையா வரும்" என்று அவர் கழற்றினார். நான் கட்டினேன். அவர் கழற்றினார். மகள் ரியூசன் முடிந்து வரப் பிந்தினாலும், ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டாலும், ஒரு சத்தமும் கேட்காவிட்டாலும், நான் நாற்பத்தெட்டுப் படியும் இறங்கி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஏறுவேன். அந்த நாட்களில் வீட்டில் இருக்கிற எல்லோருடைய பெயரும் பொலிசில் பதிந்திருக்க வேண்டும். ஒரே படிவத்தில் முதலாவது என் பெயர், இரண்டாவது மனைவி, மூன்றாவது மகள், நாலாவது அவர். நாலாவது பெயருக்கு ஏதும் நடந்தால் மூன்றாவது பெயரையும் ஸ்ரேசனுக்குக் கூப்பிடுவார்கள். என் கவலை முழுவதும் அந்த மூன்றாவது பெயரில் இருந்தது.

அந்தப் படிவத்தில் 'கொழும்பில் தங்கியிருப்பதன் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் வைத்தியம் என்றோ, வெளிநாடு போவதற்கு என்றோ எழுதுவார்கள். மெசின் ஏறிய அந்த மாதம் படிவத்தைப் புதுப்பித்தபோது அவருக்கும் அதைத்தான் சொன்னேன்.

"வைத்தியம் எண்டு போடுங்கோ அண்ணை."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே."

"அப்ப வெளிநாடு எண்டு போடுங்கோ."

"எந்த நாடு?"

"ஏதாவது ஒரு நாடு!"

"ஏதாவது எண்டு ஒரு நாடு இருக்கோ, தம்பி?"

உத்தியோக உயர்வுக்காக எப்போதோ சிங்களம் எழுதப் படித்தவர். தன் பகுதியைத் தானே முத்து முத்தான எழுத்தில் நிரப்பித் தந்தார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதினீர்கள் என்று கேட்கவும் பயமாக இருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. சிவப்பு எத்தனை தரம் வருகிறது என்று தெரியும். அது மணிக்கு எத்தனை மைல் காற்று என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக் காற்றில்லாத நேரத்தில், தெரிந்த வேகத்தில் ஓடும் வாகனத்திலிருந்து மெசினை வெளியே பிடிக்க வேண்டுமாம். விடிகிற நேரத்தில், தரைக்காற்று விட்டுக் கடற்காற்று தொடங்க முன்னம், ஒரு கால் மணித்தியாலம் காற்று செத்துக் கிடக்கும். அதுதான் தருணம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஓட்டோ பேசிவிட்டார்.

"நீங்களும் போங்கோ," என்றாள் மனைவி.

"நான் என்னத்துக்கு?"

"பக்கத்திலை இருந்து அவரைக் கதைக்க விடாமல் பாருங்கோ."

ஓட்டோக்காரர் மாளிகாவத்தையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மனிதர்; முஸ்லிம் அண்ணைமாரை நாங்கள் நானா என்போம். அவர் ஒரு வெள்ளைத் தொப்பியோடு தூக்கக் கலக்கத்தில் இருந்தார். நாலு அகப்பையைக் கண்டதும், "கலியாண வீடா சேர்?" என்றார்.

அண்ணை குனிந்து வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார். "நானா, வண்டி நிக்குது. முள்ளு நாப்பது காட்டுது."

"அது நாப்பதுல நிண்டு ரெண்டு வருஷம் சேர். நான் வீட்டுல படுத்துக் கெடக்கக்கொளயும் அது நாப்பதுதான்."

நான் சந்தோஷமாக இறங்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "யோசியாதேங்கோ தம்பி. முள்ளு தேவையில்லை. தூரமும் நேரமும் தெரிஞ்சால் வேகம் தெரியும். தூரம் நான் ஏற்கெனவே அளந்து வைச்சிருக்கிறன்."

"எந்தத் தூரம்?"

"இந்தச் சென்றியிலையிருந்து அந்தச் சென்றி மட்டும்."

"எப்ப அளந்தனியள்?"

"போன கிழமை. காலடி வைச்சு மூண்டு தரம் நடந்தனான். ரோட்டிலை அசையாமல் ஒரே இடத்திலை நிக்கிற சாமான் வேறை என்ன இருக்கு, சொல்லுங்கோ பார்ப்பம்?"

ஓட்டோ கிளம்பிவிட்டது. அவர் ஒரு கையால் மெசினை வெளியே நீட்டிப் பிடித்தார். சிரட்டைகள் சுற்றின. என் வேலை அரை நிமிடத்துக்குச் சிவப்பை எண்ணுவது. முதல் தரம் பதினெட்டு. திரும்பி வந்து, இன்னும் வேகமாக, இருபத்தாறு. மூன்றாம் தரம் நானா உற்சாகமாகி முறுக்கியதில் முப்பத்தொன்றில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். "திரும்ப ஓட வேணும்" என்றார் அவர். நாலாவது தரம் போனபோது துவக்கு ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நீண்டது.

"கொஹேத யன்னே?" எங்கே போகிறீர்கள்.

"நிக்கங்," என்றேன்.

நாலு தரமும் சும்மாவா என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். ஓம் என்றேன். அகப்பைகளைக் காட்டி இது என்ன என்றான். அதற்கும் நிக்கங் என்றேன். நானா முன்னாலிருந்து மெதுவாக, "சேர், வேற ஏதாச்சும் சொல்லுங்கோ" என்றார். மூன்றாம் தரமும் நிக்கங் என்றேன்.

அப்போது அண்ணை ஓட்டோவிலிருந்து இறங்கினார். தடுக்க நான் நீட்டிய கை அவர் சேட்டில் படவில்லை. தன் இலக்கணச் சிங்களத்தில், ஒரு அரசாங்க அறிக்கை வாசிப்பதுபோலத் தொடங்கினார். இது காற்றை அளக்கும் கருவி. இதில் நாலு அகப்பை. உங்கள் காவலரணிலிருந்து அடுத்த காவலரண் வரை தூரம் இவ்வளவு. அதை நாங்கள் கடக்க எடுத்த நேரம் இவ்வளவு. சந்தேகம் இருந்தால் பார்க்கலாம் என்று கொப்பியையும் நீட்டினார். கொப்பியில் சென்றி ஒன்று, சென்றி இரண்டு என்று போட்டு, நடுவில் கோடு கீறி, தூரமும் நேரமும் வரிசையாக இருந்தன.

அரை மணித்தியாலத்தில் ஸ்ரேசன் வாங்கில் இருந்தோம். மெசின் அவர் மடியில். நானாவை அட்டை பார்த்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர், "துஆ கேக்கிறன் சேர்" என்று, எனக்காகப் பிரார்த்திப்பதாக, எனக்கு மட்டும் சொன்னார். என்னைத்தான் நிலைமை மோசமானவனாக அவர் கணித்திருந்தார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தார். மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. எங்களைக் கேட்க முன்னம் பதிவுக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். எங்கள் வீட்டுப் படிவம் வந்தது. அவர் விரல் என் பெயரில் நின்று, மனைவியின் பெயரில் நின்று, மூன்றாவது பெயரில் நின்றது. "வயது பதினைந்தா?" என்று சிங்களத்தில் கேட்டார். தலையை ஆட்டினேன். விரல் நாலாவது பெயருக்கு இறங்கி, வலது பக்கம் நகர்ந்து, காரணக் கட்டத்தில் நின்றது. வாசித்தார். மூக்கை உறிஞ்சிவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். பிறகு அடுத்த மேசையில் இருந்தவரைக் கூப்பிட்டு உரக்க வாசித்தார்.

"ஹுலங்க மனின்ட."

காற்றை அளப்பதற்கு. 'கொழும்பில் தங்கியிருப்பதன் காரணம்: காற்றை அளப்பதற்கு.' மெசினை ஏற்றிய அந்த முதல் மாதமே எழுதிக் கொடுத்து, முத்திரை குத்தி, கோப்புக்குள் கிடந்திருக்கிறது. வைத்தியம் என்று எழுதியிருந்தால் அன்று என்ன கதை என்று யோசிக்க எனக்கு இன்றைக்கும் தைரியமில்லை.

இரண்டு பொலிஸ்காரர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள். அண்ணை சிரிக்கவில்லை. அதிகாரி ஒரு மூலையில் நின்ற மின்விசிறியைக் காட்டி, அப்படியென்றால் அதை அளந்து காட்டு என்றார். அவர் எழும்பிப் போய், மூன்று காலடி தள்ளி நின்று, மெசினை நீட்டினார். முதலாம் பொத்தான், எண்ணினார். இரண்டாம் பொத்தான், எண்ணினார். மூன்றாம் பொத்தான், எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"இரண்டும் மூன்றும் ஒன்றுதான்," என்று சிங்களத்தில் சொன்னார். "மூன்றாம் பொத்தானில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரு சுற்றுக்கூட இல்லை."

அதிகாரி மேசையில் அடித்தார். இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன், ஒருவரும் நம்பவில்லை என்று அடுத்த மேசைக்காரரைப் பார்த்துக் கத்தினார். அந்த விசிறியைத் தெரிவு செய்து வாங்கியவர் அவர்தான்போலும், முகம் சுருங்கிப்போனது. தேத்தண்ணீர் வந்தது. அண்ணைக்கு.

பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "இந்த ஆள் சொல்வது எல்லாம் பொருந்துகிறது. நீ சொன்னது ஒன்றும் பொருந்தவில்லை. நாலு தரம் சும்மா போனதாகச் சொல்லியிருக்கிறாய். உனக்கு ஏன் இப்படி வேர்க்கிறது?"

சும்மா என்று சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவரை ஒரு மணித்தியாலத்தில் விட்டார்கள். என்னை வைத்து விசாரித்து விட மூன்று மணித்தியாலம் பிடித்தது. வெளியே வந்தபோது ஸ்ரேசன் மதிலுக்குப் பக்கத்தில் மெசினைப் பிடித்தபடி காத்திருந்தார். கடற்காற்று தொடங்கியிருந்தது. சிவப்பு சுற்றிக்கொண்டிருந்தது. "ஒம்பது மைல்," என்றார். "இனி நிச்சயமாச் சொல்லலாம்."

நான் முன்னால் நடந்தேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் என் மகள் தனியாக நின்றாள். அப்பாவைக் காணவில்லை என்று, தாய் தடுக்கத் தடுக்க இறங்கி வந்து, சென்றிக்காரனிடம் போய் விசாரித்திருக்கிறாள். அவளைக் கண்ட இடத்திலேயே எனக்குள் எல்லாம் உடைந்துவிட்டது. அன்று பின்னேரம் அவர் அறை வாசலில் நின்று சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் வேறை இடம் பாருங்கோ. கொட்டாஞ்சேனையிலை எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். என்னாலை உங்களையும் மெசினையும் வைச்சிருக்க ஏலாது. எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் கொப்பியை மூடினார். எனக்குத் தெரியும், அடுத்தது என்ன வரும் என்று.

"எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"பயம்."

கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. "பயத்துக்கு என்ன அளவு அண்ணை?"

"இருக்கு," என்றார். "நீங்கள் ஒரு நாளைக்கு ஐஞ்சு தரம் படி இறங்கி ஏறுறியள். என்ரை அறை படியோடைதானே. மெசின் ஏத்தின நாளிலையிருந்து எழுதிக்கொண்டு வாறன்."

கொப்பியைத் திருப்பிக் காட்டினார். திகதி, காலைக் காற்று, மாலைக் காற்று. நாலாவது வரிசைக்குத் தலைப்பு 'படி'. 4, 6, 5, 3, 7. ஏழு போட்ட நாள், பம்பலப்பிட்டியில் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்ட நாள்.

"இப்ப நீங்கள் சொல்லுறது மெசினாலை பயம் எண்டு," என்றார். "அது உண்மையோ எண்டு பார்க்க வேணும். நாளைக்கு மெசினைக் கழட்டிக் கட்டிலுக்குக் கீழை வைக்கிறன். ரெண்டு கிழமை விடுங்கோ. படி குறைஞ்சால் பிழை மெசினிலை. நான் கொட்டாஞ்சேனைக்குப் போறன். குறையாட்டில்..."

"குறையாட்டில்?"

"குறையாட்டில் மெசினிலை பிழையில்லை."

நான் சம்மதித்தேன். குறைக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டால் சரிதானே. மொட்டை மாடி வெறுமையாகிவிட்டது. முதல் நாள் ஒழுங்கையில் ஜீப் ஒன்று போனது. நான் எழும்பவில்லை. திரும்பி வந்தது. எழும்பினேன். மகள் கால் மணித்தியாலம் பிந்தினாள். இறங்கினேன். வந்துவிட்டாள் என்று ஏறினேன். அடுத்த நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று இறங்கிப் பார்த்தேன். சத்தம் கேட்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியும் பார்த்தேன். பதினோராவது படியில் முழங்கால் சொடுக்கும். அது அவருக்குக் கேட்கும்.

இரண்டு கிழமை முடிய மேசைக்கு வந்து கொப்பியை விரித்தார். மனைவியும் மகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"மெசின் இருக்கேக்கை ஒரு நாளைக்கு ஐஞ்சு. மெசின் இல்லாத ரெண்டு கிழமையும் பார்த்தால் கொஞ்சம் கூட."

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு?" என்றேன் நான்.

அவரைத் தெரிந்த காலத்தில் அவர் வெட்கப்பட்டது அந்த ஒரு தரம்தான். "கால்," என்றார். "ஐஞ்சேகால்."

வீடு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டேன்: "அப்ப பிழை எதிலை அண்ணை?"

அவர் 'படி' வரிசையில் விரலை ஓட்டினார். "அதை அளக்க என்னட்டைச் சாமான் இல்லை, தம்பி."

"மெசினைத் திருப்பி ஏத்துங்கோ," என்றாள் மனைவி. "அகப்பை நாலும் போனது போனதுதான்." ஏணியை நான் பிடித்தேன்.

அதன் பிறகு அவர் ஒரு வேலை செய்யத் தொடங்கினார். தானாகச் செய்தார், நான் கேட்கவில்லை. கச்சான் காற்று கடலிலிருந்து ஒழுங்கைக்கு நேரே அடிக்கும் மாதங்களில், மகள் ரியூசன் முடிந்து வரும் நேரத்துக்கு மாடிக்குப் போய் எண்ணிவிட்டு வந்து என் கதவடியில் நிற்பார்.

"பதினெட்டு மைல். எதிர்க்காத்து. பிள்ளை குடையை மடக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் நடக்கும். ஆறு நிமிசம் பிந்தும்."

ஆறு நிமிடம் பிந்தி அவள் வருவாள். சில நாள் ஏழு. ஏழானால் அவர் முகம் வாடிப்போகும். நான் இறங்கத்தான் செய்தேன். ஆனால் கொப்பியில் மூன்று என்று விழுந்த நாட்களும் இருந்தன. இரண்டு ஒரு தரம்.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்தபோது அவர் தன் குளத்துக்குத் திரும்பிப் போனார். போகும்போது மெசினைக் கழற்றி, புதிய காம்பு போட்டு, நாலு அகப்பையையும் கழுவி மனைவியிடம் ஒப்படைத்தார். மாதம் ஒரு கடிதம் வரும். சுகமா என்று ஒரு வரி, நீர்மட்டம் ஒரு வரி. 'குளம் பத்தொன்பது அடி நாலங்குலம்.' மகளின் கலியாணத்துக்கு எழுதியபோதும் வாழ்த்துக்குக் கீழே அடியும் அங்குலமும் இருந்தன. பிறகு பாதை மூடியது. கடிதங்கள் நின்றன. சண்டை முடிந்த பிறகு அந்தப் பக்கம் போய்வந்த எல்லோரிடமும் அவரைப் பற்றிக் கேட்டேன். குளம் இருக்கிறது என்றார்கள்.

மகள் இப்போது கனடாவில். அங்கே பனிக்காற்று கடுமை என்பாள். எவ்வளவு என்று கேட்பேன்; கைபேசியில் பார்த்துச் சொல்வாள். நாங்கள் இன்னும் அதே மூன்றாம் மாடியில்தான். சென்றிகள் போய்விட்டன. ஒழுங்கையில் ஜீப் வருவதில்லை. சொதிக்கு மனைவி இன்னும் அந்தச் சிவப்பு அகப்பையைத்தான் பாவிக்கிறாள். நகப்பூச்சு உள்ளே கரைந்து, வெளியே மட்டும் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மகள் கதைப்பாள். நேற்று எட்டரை வரை அழைப்பு வரவில்லை. வாசலில் நின்று பார்ப்பதால் கனடாவிலிருந்து வரும் அழைப்பு விரைந்து வராது என்பது எனக்குத் தெரியும். படிக்கட்டை ஒட்டிய அறையில் இப்போது ஒருவரும் இல்லை. அதனால் நானே எண்ணிக்கொள்கிறேன்.

நேற்று நாலு.